அணைக்காமல் விட்ட கணினி

வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். வைத்தவன் தம்பி. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளிக்கூடப் பையை அடுக்கி, பென்சிலைச் சீவி, எந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும் என்று பட்டியலும் போட்டுக் கையில் கொடுத்தாள். அன்றைக்கு வைத்த பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் கடைசியில் அம்மாவே அப்படிக் கூப்பிடுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பெயருக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. கட்டட வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்தில் நாற்பது கணினிகளையும் ஒழுங்காக ஓட வைக்கிற வேலை. நாற்பதிலும் லினக்ஸ் என்கிற இயங்குதளம். ஒன்று படுத்தால் உடனே மேனேஜரைக் கூப்பிடுவார்கள்.

தம்பி இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்கு யாருடைய மேசைக்கு அடியிலோ குனிந்து ஒயரைத் தேடிக்கொண்டிருந்தவளுக்குத் தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. அவருடைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். அதில் மணிக்கணக்காகப் படம் உருவாகிக்கொண்டிருக்கும், வீடே பற்றி எரிந்தாலும் அணைக்காதே என்று அவன் சொல்லி வைத்திருந்ததால் பதினோரு நாளும் பக்கத்திலேயே போகவில்லையாம். இன்றைக்குத் தூசி துடைக்கும்போது மௌஸில் கை பட்டிருக்கிறது. திரை வரவில்லை. ஒரே கறுப்பு. ஆனால் உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்கிறது.

இவ்வளவையும் சொல்லியாயிற்று. அப்புறம் சொன்னதுதான் விஷயம்.

"அண்ணி, அன்னைக்குக் காலையில அவர் உங்களுக்குத்தான் எழுதிட்டிருந்தார். காபி கொண்டு போனப்ப பார்த்தேன். மேல அக்கான்னு இருந்துச்சு, கீழ ஒரு பக்கம் முழுக்க இருந்துச்சு. முடிச்சிட்டு அனுப்பறேன்னார். அப்புறம் வெளிய போனவர்தான்."

வெளியே போனவன் தெரு முனையில் பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயது. தூக்கிக்கொண்டு போனார்கள், பிரயோசனமில்லை.

மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வாய் தானாக வேலை வாங்கியது. எதையும் தொடாதே, பவர் பட்டன் பக்கமே போகாதே, பிளக்கைப் பிடுங்காதே, மிக்ஸிகூடப் போடாதே, இதோ வருகிறேன் என்றாள்.

அவள் ஏன் அப்படிப் பதறினாள் என்று சொல்ல வேண்டும். தம்பி அவளோடு பேசிப் பதினாலு மாசம் ஆகியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் அவன் வேறு ஊரில், கட்டி முடிக்காத வீடுகளைக் கணினியில் படமாக்கித் தருகிற வேலையில், பெரிய ஒப்பந்தம் ஒன்றின் கடைசி நாட்களில் இருந்தான். ஒவ்வொரு நாளும் போன் செய்து அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். சாதாரணக் காய்ச்சல்டா, வேலையை முடிச்சிட்டு நிதானமா வா என்று மூன்று நாளும் சொன்னவள் இவள்தான். டாக்டர் கையை விரித்த பிறகும் சொன்னாள். அவன் வேலை கெட்டுவிடக்கூடாதாம். நல்லதுக்குத்தான் செய்தாள். யார் கேட்டார்கள் அந்த நல்லதை? அவன் வந்து சேர்ந்தபோது அம்மா போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை ஏறிட்டுப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் பேசினான். "நான் எப்ப அழணும்னும் நீதான் முடிவு பண்ணுவியா?"

அதோடு சரி. போனை எடுக்க மாட்டான், வீட்டுக்கு வர மாட்டான். அவள் எழுதின நாலு பக்கக் கடிதத்துக்கும் பதில் இல்லை. தம்பி மனைவிதான் நடுவில் நின்று, நல்லா இருக்கார் அண்ணி, சாப்பிடறார் அண்ணி என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அந்தப் பதினாலு மாசத்தில் எத்தனை முறை செத்துப் பிழைத்தாள் என்பதற்குக் கணக்கு வழக்கு இல்லை. இப்போது அவனே போய்விட்டான், மன்னித்தானா இல்லையா என்று தெரியாமல். அந்தப் பதில் ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கிறது என்றால் அவள் பேருந்தா பிடிப்பாள்? வாடகைக் காரில் ஏறினாள், வழி நெடுக ஓட்டுநரை விரட்டினாள்.

தம்பியின் வேலை அறை சமையலறையை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மேசை மேல் காபிக் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டங்கள், நாற்காலியில் அவன் உட்கார்ந்து பள்ளமான மெத்தை. கணினி மேசைக்கு அடியில் புழுங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விசையைத் தட்டினாள். மூலையில் பச்சை விளக்கு எரிந்தது, மறுபடி தட்டினால் அணைந்தது. உயிர் இருக்கிறது. மூளை வேலை செய்கிறது, முகம்தான் வரவில்லை. தம்பி மனைவி நிலைப்படியில் நின்று, ரீஸ்டார்ட் பண்ணினா வந்துடுமா அண்ணி என்று கேட்டாள். வந்துடும், ஒரு நிமிஷத்துல வந்துடும், அதனாலதான் பண்ணக்கூடாது என்றாள் மேனேஜர். அவன் அந்தக் கடிதத்தைச் சேமிக்காமல் போயிருந்தால் அது இருக்கிற ஒரே இடம் கணினியின் தற்காலிக நினைவு. மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் போச்சு.

சேமித்தானா என்று பார்க்க உள்ளே நுழைய வேண்டும். மடிக்கணினியைத் திறந்து, வீட்டு வைஃபை வழியாக அவனுடைய கணினிக்குள் போக முயன்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த இயந்திரத்தைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்ததே அவள்தான். அப்போது தனக்கென்று ஒரு கணக்கை வைத்து, கடவுச்சொல் கேட்காமலே திறக்கிற சாவியையும் போட்டு வைத்திருந்தாள். பேச்சையே அறுத்துக்கொண்டவன் அந்தச் சாவியையா விட்டு வைத்திருப்பான்? முகத்தில் அடித்தாற்போல அனுமதி இல்லை என்று வரும், அதைப் பார்க்க மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் விசையை அழுத்தினாள்.

கதவு திறந்துகொண்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறந்திருப்பான், இதையெல்லாம் எவன் நினைப்பு வைத்துக்கொள்வான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

எழுதுகிற நிரல் ஓடிக்கொண்டிருந்தது, பதினோரு நாளாக. கோப்புகளைச் சேமிக்கிற வட்டில் அன்றைய தேதிக்கு ஒரு கடிதமும் இல்லை. ஆக, சேமிக்கவில்லை. திரையைப் படம் பிடித்துக் காட்டு என்று கட்டளை கொடுத்துப் பார்த்தாள், முழுக் கறுப்பாக ஒரு படம் வந்தது. பூட்டுத் திரை எழுந்திருக்கப் பார்த்து, எழ முடியாமல், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நின்றுவிட்டது. ஏன் எழ முடியவில்லை என்று கணினி தானே எழுதி வைக்கிற குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒரே வரியை அது ஆயிரம் முறை புலம்பியிருந்தது. கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் பொருந்தவில்லை.

இது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. படம் வரைகிற கார்டுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறதுதான் டிரைவர். அதற்கு இரண்டு பாதி. ஒரு பாதி கணினி கிளம்பும்போதே உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த முறை கிளப்பும்வரை இறங்காது. இன்னொரு பாதி வட்டில் கோப்புகளாகக் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே பதிப்பு எண் இருக்க வேண்டும். வட்டில் இருப்பதை மட்டும் யாராவது புதுசாக மாற்றிவிட்டால், உள்ளே இருக்கிற பழசு அதோடு பேச மறுத்துவிடும். ஏற்கெனவே ஓடுகிற நிரல்கள் பாட்டுக்கு ஓடும். புதிதாக எழுந்திருக்கிற எதற்கும் முகம் கிடைக்காது.

சரி, மாற்றினது யார்? செத்தவன் எழுந்து வந்து மாற்றவில்லை. தேதியைப் பார்த்தாள். அவன் போன மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. தானியங்கிப் புதுப்பிப்பு. ஞாயிறு காலை ஆறு மணி என்பது அவளுடைய நேரம். அலுவலகத்தில் நாற்பது கணினிகளுக்கும் அவள் வைத்த நேரம். தம்பி சோம்பேறி, தானாகச் செய்ய மாட்டான், சொன்னால் வேண்டாம் என்பான் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அவன் கணினியிலும் வைத்துவிட்டிருந்தாள். அவன் நல்லதுக்குத்தான்.

அந்த ஞாயிறு வரைக்கும், அதாவது முதல் இரண்டு நாட்கள், யார் மௌஸை அசைத்திருந்தாலும் கடிதம் பளிச்சென்று வந்திருக்கும். மேனேஜர் நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டாள். தம்பி மனைவி பயந்துபோய் என்ன அண்ணி என்றாள். ஒண்ணுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள்.

"நான்தான்மா கெடுத்தேன். அவனைக் கேக்காம ஒண்ணு செட் பண்ணி வச்சிருந்தேன். அதுதான் இந்தத் திரையைச் சாகடிச்சிருக்கு."

தம்பி மனைவி உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அவளும் ராத்திரி தூங்காத முகத்தோடுதான் இருந்தாள்.

வழி ஒன்று இருந்தது. புதுசை உள்ளே ஏற்ற முடியாது, பழசை உள்ளே இருந்து இறக்கவும் முடியாது, அப்படியானால் வட்டில் இருப்பதைப் பின்னால் இழுக்கலாம். பழைய பதிப்புக் கோப்புகளையே திரும்பக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு எண்ணும் பொருந்திவிடும், அணைக்காமலே. அந்தப் பழைய கோப்புகள் கணினியிலேயே ஓரமாகக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. இடத்தை அடைக்கக்கூடாதென்று பழசைத் தானாகத் துடைக்கவும் ஒரு மகராசி ஏற்பாடு செய்திருந்தாள், யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் பழைய பதிப்புகளைக் குவித்து வைத்திருக்கிற கிடங்கில் துழாவி, எண்ணை நாலு தடவை ஒப்பிட்டு, எட்டுக் கோப்புகளை இறக்கினாள். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையை ஆட்டினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

நிறுவுகிற நேரத்தில்தான் பெரிய ஆபத்து வந்தது. எட்டும் உள்ளே போய் முடிந்ததும் மடிக்கணினித் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. கீழ்க்கண்ட சேவைகளை மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்டுப் பட்டியல் போட்டு, எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறியையும் அதுவே வைத்திருந்தது. அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து தடவை இந்தப் பெட்டி வரும், படிக்காமலே என்டரைத் தட்டுவாள். விரல் பழக்க தோஷத்தில் என்டருக்குப் போய்விட்டது. பட்டியலின் நாலாவது வரியில் திரைக்கான சேவை இருந்தது. அது மறுபடி தொடங்கினால் தம்பி திறந்து வைத்துவிட்டுப் போன அமர்வு முழுக்க மூடிக்கொள்ளும், கடிதத்தோடு சேர்த்து. விரலை விசையிலிருந்து தூக்கினாள். ஒவ்வொரு குறியாக எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்தபிறகும் மேலிருந்து கீழாக இன்னும் இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தாள். அப்புறம்தான் அழுத்தினாள்.

எண்கள் பொருந்தின. செத்துக் கிடந்த பூட்டுத் திரையை மட்டும் நிறுத்தி, அமர்வைத் திறந்துவிடு என்று மடிக்கணினியிலிருந்து கட்டளை கொடுத்தாள். பெரிய திரை ஒரு தடவை மினுங்கியது. மறுபடி கறுப்பு. தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெல்ல, ஓரத்திலிருந்து, வெளிச்சம் வந்தது.

வெள்ளைப் பக்கம். மேலே ஒரு சொல்: அக்கா. அதற்குப் பக்கத்தில் காற்புள்ளி. அதற்குக் கீழே எதுவுமில்லை. கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"இல்லை அண்ணி, நான் பார்த்தேன், பக்கம் முழுக்க இருந்துச்சு" என்று தம்பி மனைவி சத்தியம் செய்கிற குரலில் சொன்னாள்.

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. எழுதியிருக்கிறான், எழுதிவிட்டு மொத்தத்தையும் அழித்திருக்கிறான். அவளுக்குச் சொல்ல ஒரு பக்கம் இருந்தது, சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறான். இதற்காகவா இத்தனை பாடு? ஆனால் அவள் தொழில்காரி. அழித்தது எங்கேயும் போகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நிரல் இன்னும் மூடப்படவில்லை. கடைசியாகச் செய்ததை ரத்து செய்கிற இரண்டு விசைகள், விசைப்பலகையின் இடது ஓரத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு அழுத்து. அவன் அழித்தது அப்படியே எழுந்து வந்துவிடும்.

கை போனது. பாதியில் நின்றது. அவனைக் கேட்காமல் அவனுக்காக முடிவெடுத்துத்தான் அம்மாவின் கடைசி மூன்று நாளைக் கெடுத்தாள், அவனைக் கேட்காமல் வைத்த ஏற்பாடுதான் இந்தத் திரையையும் கெடுத்தது. இப்போது அவன் வேண்டாமென்று அழித்ததை அவனைக் கேட்காமல் தோண்டுவதா? கேட்கலாம் என்றால் ஆள் எங்கே? அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவை இன்னொருத்தியிடம் கொடுத்தாள்.

"இதை அவன் அழிச்சிருக்கான். நான் நினைச்சா திரும்பக் கொண்டு வரலாம். வேணுமா, வேண்டாமா, நீ சொல்லு."

தம்பி மனைவி யோசிக்கவே இல்லை. பதினோரு நாளா அவர் குரல் இல்லாத வீட்டுல இருக்கேன் அண்ணி, திட்டா இருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாங்க என்றாள்.

அழுத்தினாள். பக்கம் நிறைந்தது.

"அக்கா,

பதினாலு மாசமா மனசுக்குள்ளயே உன்கூடச் சண்டை போட்டு எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. நீ பொய் சொன்னதுகூடப் பெரிசில்லை. சின்னவன் எங்கன்னு அம்மா கேட்டாளாமே, நர்ஸ் சொன்னாங்க. வந்துட்டே இருக்கான்னு நீ சொன்னியாம். நான் அப்ப எவன் வீட்டுச் சமையலறைக்கோ டைல்ஸ் நிறம் மாத்திட்டிருந்தேன். பழுப்பா, வெளிர் பழுப்பா. மூணு நாளும் அதான் வேலை. இப்பவும் அந்த ரெண்டு நிறத்தைப் பார்த்தா வயித்தைப் பிரட்டுது. வந்திருந்தா அவ கையையாவது பிடிச்சிட்டு உக்காந்திருப்பேன். அந்தக் கையை நீ மட்டும் பிடிச்சுகிட்ட.

மன்னிச்சிட்டேன்னு எழுதத்தான் உக்காந்தேன். வர மாட்டேங்குது. பொய் எழுத உன்ன மாதிரி எனக்கு வராது. ஆனா வீட்டுல பல்பு போனாக்கூட மொதல்ல உன் ஞாபகம்தான் வருது. அதுக்கு நான் என்ன பண்ண?

இதை அனுப்பினா நீ ஒரு வாரம் அழுவ. அப்புறம் நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதுவ. அதெல்லாம் வேண்டாம். நேர்லயே வரேன். ஆசை தீரத் திட்டறேன். நடுவுல பேசக்கூடாது, சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் இருந்தது.

மேனேஜர் ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். நேர்லயே வரேன் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது, அதற்குமேல் நகர மறுத்தது. தம்பி மனைவி அவளுக்குப் பின்னால் நின்று உதடு அசைய அசைய மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தாள். முடித்ததும் சத்தம் போடாமல் வெளியே போனாள்.

திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னத் தோள்பை இருந்தது. அதை மேசை மேல், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, ஜிப்பைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்த ஒரு சட்டை, ஒரு பேண்ட், துண்டு, பல் தேய்க்கிற பிரஷ்.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க அண்ணி. அன்னைக்கு அவர் தோள்ல இருந்துச்சாம். வெளிய போயிட்டு வரேன்னுதான் எங்கிட்ட சொன்னார். மாத்துத் துணி எதுக்குன்னு பதினோரு நாளா எனக்குப் புரியவே இல்லை."

ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி எடுத்து வைத்திருக்கிறான். திட்ட வருகிறவன் தங்குவதற்குத் துணி எடுத்து வைத்திருக்கிறான். மேனேஜர் அந்தச் சட்டையைத் தொட்டாள், எடுக்கவில்லை. வாயைத் திறந்தாள். தம்பியிடம் சொல்ல அவளிடம் நாலு பக்கம் என்ன, நாற்பது பக்கம் இருந்தது. நடுவில் பேசக்கூடாது என்றிருக்கிறானே. வாயை மூடிக்கொண்டு, அவனுடைய மேசையில் தலையைச் சாய்த்து, அவன் திட்டி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி அப்படியே உட்கார்ந்து அழுதாள்.